காலரியில் காய்ந்த காப்பி

கால்பந்து ஆட்டம் ஒன்றை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை நான் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. இருந்தும், கால்பந்தால் ஒரு மலைக்கிராமம் எப்படியெல்லாம் மேன்மையடையும் என்று மேடையேறி வெகுநேரம் பேசியிருக்கிறேன். பேசியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 'ஆஃப்சைடு' என்ற சொல்லை ஏதோ வாழ்க்கைத் தத்துவம் போல அந்தப் பேச்சில் எடுத்தாண்டேன். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது என்பதால் கைதட்டல் பலமாகவே இருந்தது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து தலைச்சோலைப் பக்கம் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். அதன் ஓரத்தில் எனக்கு ஒரு வீடும், தோட்டம் என்று கூசாமல் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் காப்பிச் செடிகளும் உண்டு. பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் என்னை மேடையில் உட்கார வைத்துவிடுவார்கள். பெரிய மனிதர்கள் வந்து சேரும்வரை மைக்கைச் சூடாக வைத்திருக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

அன்றைய கூட்டம் ஊர்ச் சம்மதம் கேட்பதற்காக. ஊர்ப் பொது மைதானத்தை அரசாங்கப் பணத்தில் கால்பந்து அரங்கமாக்கப் போகிறார்கள். சமவெளியில் இரும்புக் கம்பி வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் நடத்தும் கிளப் அங்கே பயிற்சி எடுக்கும், ஆட்டங்கள் ஆடும். ஊருக்குப் பெயர் வரும், வேலை வரும், டூரிஸ்ட் வருவார்கள். நான் பேசி முடித்ததும் கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் எழுந்தார். என் பக்கத்துத் தோட்டத்துக்கார அம்மா. அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார்.

"ஏனுங்க, எல்லாஞ் செரிங்க. மார்கழியில காப்பிய எங்கீங்க காயப்போடறது?"

மேடையில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். "நம்ம ஊருக்குக் கோப்பை வந்துட்டா, அதுலயே காப்பி போட்டுக் குடிச்சுக்கலாம் அக்கா" என்றேன். ஊரே சிரித்தது. அக்கா உட்கார்ந்துவிட்டார். கேள்வியும் உட்கார்ந்துவிட்டது. என் நகைச்சுவை எழுத்து வாழ்க்கையில் உடனடிப் பலன் தந்த ஒரே ஜோக் அதுதான்.

மலையில் சமதளம் என்பது சாதாரண விஷயமில்லை. இங்கே வீட்டு முற்றமே சரிவாகத்தான் இருக்கும், கொடியில் காயும் துணி நழுவினால் அடுத்த ஊரில் போய்த் தேடவேண்டும். ஊருக்கு இருந்த ஒரே சமதளம் அந்த மைதானம். பஸ் அங்கேதான் திரும்பும். கல்யாணப் பந்தல் அங்கேதான். சாமையும் ராகியும் அங்கேதான் அடித்துத் தூற்றுவார்கள். சாயங்காலம் இளவட்டங்கள் பந்து விளையாடுவார்கள். காப்பி பறிக்கும் காலம் வந்தால் பாதி மைதானத்தில் தார்ப்பாய்கள் விரிந்துவிடும். பறித்த பழம் கிட்டத்தட்ட மூன்று வாரம் வெயிலில் காய வேண்டும். காலையில் விரித்து, அடிக்கடி துழாவி, பனி இறங்குமுன் மூட வேண்டும். குவித்து வைத்தால் புளித்துப் பூசணம் பிடித்துவிடும். ஈரப்பழமாகவே வியாபாரியிடம் தள்ளிவிடலாம், அவர் பெரிய மனசு பண்ணிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வரலாம். அக்காவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கையில் பார்க்கும் காசு அந்தக் காப்பிதான். அவருடைய வீட்டுக்காரர் ஜீப் ஓட்டிக் கொண்டுவருவது ஜீப்புக்கே சரியாகிவிடும்.

அரங்கம் எழும்பியது. கொண்டை ஊசி வளைவுகளில் லாரி லாரியாகப் புல் ஏறி வந்தது. ஆம், புல். பாய் போலச் சுருட்டி, ஈரச்சாக்கு போர்த்தி, மலைமேல் புல்லைக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை பார்த்த ஒரு பெண், "மாட்டுக்குங்களா?" என்று டிரைவரைக் கேட்டார். "இல்லீங்க, மனுசங்களுக்கு" என்றார் அவர். பிறகு சுற்றுக் கம்பிவேலி, இரும்புக் கேட், ஒரு பக்கம் நெடுகப் படிப்படியாகச் சிமென்ட் காலரி, அதன் நடுவில் முக்கியஸ்தர்களுக்கு மட்டும் கூரை போட்ட இடம், நாலு மூலையிலும் விளக்குக் கோபுரம். மழைக்காலத்தில் அந்த விளக்கைப் போட்டால் வெளிச்சம் தெரியும், பனிமூட்டம் தெரியும், பந்து தெரியாது.

ஒப்பந்தத்தின் அழகை நான் பிற்பாடுதான் ரசித்தேன். கட்டிய செலவு பொதுப்பணம். கரண்டு பொதுப்பணம். புல்லுக்குத் தண்ணீர் ஊர் போர்வெல்லிலிருந்து. ஊருக்குக் குழாயில் தண்ணீர் வராத நாளிலும் புல்லுக்கு வந்துவிடும். டிக்கெட் பணமும் விளம்பரப் பலகைப் பணமும் கிளப்புக்கு. பதிலுக்கு கிளப் 'பராமரிப்பு' செய்யும். வாசலில் தன் பெயரெழுதிய பலகையைத் துடைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நாளடைவில் புரிந்தது. உயரமான இடத்தில் பிராணவாயு குறைவு, அங்கே ஓடிப் பழகினால் ஆட்டக்காரர்களின் நுரையீரல் பலப்படும் என்பது கிளப்பின் வாதம். ஏற்காட்டின் உயரத்தில் சுற்றுலா வந்த குண்டுக் குழந்தைகள் கையில் மிளகாய் பஜ்ஜியோடு ஏரியைச் சுற்றி ஓடுகின்றன. அவற்றின் நுரையீரலைப் பலப்படுத்த யாரும் அரங்கம் கட்டவில்லை.

வேலைவாய்ப்பும் வந்தது. ஒரே ஒரு வேலை. ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்தவரை அரங்கத்துக்கு வாட்ச்மேன் ஆக்கினார்கள். முன்னால் அவருக்குச் சம்பளம் கொடுத்த பஞ்சாயத்துதான் இப்போதும் கொடுத்தது. ஆக, பழைய ஆள், பழைய சம்பளம், புதிய விசில். பொதுமக்களும் மைதானத்தை உபயோகிக்கலாம், முன் அனுமதி பெற்று, உரிய காலணி அணிந்து, என்று ஒரு பலகை சொன்னது. இளவட்டங்கள் ரோட்டு வளைவில் பந்து விளையாடத் தொடங்கினார்கள். பந்து பள்ளத்தில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

மார்கழி வந்தது. அக்கா பழம் பறித்துவிட்டார். முதலில் ரோட்டோரம் விரித்துப் பார்த்தார். சேலத்திலிருந்து வந்த கார் ஒன்று அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஓட்டுக்கூரை மேல் போட முடியாது. என் கார் ஷெட்டின் முன்னால் இருந்த சிமென்ட் தரையைப் பெருந்தன்மையோடு கொடுத்தேன். அங்கே சவுக்கு மர நிழலைத் தவிர வேறெதுவும் விழாது. மூன்றாம் நாள் காலையில் ஒரு கைப்பிடிப் பழத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். புளிச்ச வாட வருதுங்களா?"

"லேசா வருதுன்னு..."

"லேசாவா? உங்க மூக்கு என்னங்க, மேடையில மைக்குக்கு முட்டுக் குடுக்க மட்டுந்தானுங்களா?" என்றார். பிறகு அவரே குரலை இறக்கி, "நீங்க ஒருக்கா அந்த மேனேஜருகிட்டப் பேசிப் பாருங்க சார். உள்ள படிக்கட்டு பூராச் சும்மாதான் கெடக்குது. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

நான் சொன்னால் கேட்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி அழிந்தவர்கள் ஏராளம். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மேனேஜர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன். சென்னைக்காரர். மிகவும் மரியாதையானவர், என்னை அங்கிள் என்று கூப்பிட்டதை விட்டுவிட்டால்.

"பொங்கல் வரைக்கும் ஆட்டம் ஒண்ணும் இல்லையே தம்பி. காலரி காலியாத்தானே இருக்கு?"

"காலியா இருக்கறதும் ஒரு யூஸ்தான் அங்கிள். ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

"இது அரசாங்கம் கட்டின காலரி."

"கட்டடம் கவர்ன்மென்ட் அங்கிள். எக்ஸ்பீரியன்ஸ் எங்களோடது" என்றார். அந்த வாக்கியத்துக்கு இன்னும் நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில், "ஐடியா சூப்பர். ஹெட் ஆபீசுக்கு மெயில் போடறேன். நீங்களும் டீடெயிலா ஒரு மெயில் போடுங்க" என்றார்.

போட்டேன். சும்மாவா போட்டேன்? பொது நிலம் என்ற கருத்தின் வரலாற்றில் தொடங்கி, மக்கள் பணத்தில் எழுந்த கட்டடத்துக்கு மக்களே அனுமதி கேட்கும் அவலம் வரை நீண்ட, ஆங்காங்கே லேசான நையாண்டி தூவிய மெயில். அனுப்புமுன் இரண்டுமுறை உரக்கப் படித்து நானே சிரித்தேன். சாயங்காலம் வேலியோரம் அக்கா நின்றார். "பதில் வந்துச்சுங்களா சார்?" நாளைக்கு வரும் என்றேன். மறுநாளும் அதே வேலி, அதே கேள்வி, அதே பதில். அந்த இடைவெளியில் முதலில் பறித்த பழம் முழுக்கப் பூசணம் பூத்துவிட்டது. அக்கா அதைக் கூடையில் சுமந்துபோய் எருக்குழியில் கொட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஹெட் ஆபீஸ் மீது எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. உடனே இன்னொரு மெயில் போட்டேன்.

இரண்டாம் பறிப்புப் பழம் குவிந்துகொண்டிருந்தது. அது போனால் அந்த வருஷமே போனது. நான் வாட்ச்மேனிடம் போனேன். அவர் அக்காவுக்குச் சித்தி மகன், தம்பி முறை. கேட்டுக்கு அருகே நாற்காலி போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவருக்கு நான் ஓர் உரை நிகழ்த்தினேன். அரங்கம் என்பது யார் சொத்து, அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், ராஜாக்கள் காலத்தில்கூடக் களத்தைப் பூட்டி வைத்ததில்லை என்றெல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. முடிவில் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "செரிங்க சார்" என்றார்.

மறுநாள் காலை கேட் திறந்திருந்தது.

என் பேச்சின் வலிமையை எண்ணி நானே கொஞ்சம் மிரண்டுபோனேன். அக்கா முதல் படியில் பழத்தைக் கொட்டி விரித்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு படிக்கும் இங்கிலீஷ் எழுத்து போட்டிருந்தது வசதியாகப் போயிற்று, ஆளுக்கொரு எழுத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முக்கியஸ்தர்களுக்கான கூரைபோட்ட இடம் மட்டும் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது, அங்கே வெயில் விழாது. ஓர் அரங்கத்தில் முக்கியமான இடம் எது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. காலரி காலையிலிருந்தே வெயிலை வாங்கியது. கீழே சிமென்ட் சுட்டது, மேலே காற்று ஓடியது. கட்டிய இன்ஜினீயர் தன்னையறியாமல் மலையிலேயே சிறந்த காப்பிக் களத்தைக் கட்டியிருந்தார். பொதுப்பணம் முதன்முதலாகப் பொதுவுக்குப் பயன்பட்டது, அதுவும் தவறுதலாக.

அணியும் மேனேஜரும் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார்கள். இரண்டரை வாரம் கழித்துத் திரும்பி வந்த மேனேஜர் காலரியைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். கிளப் முதலாளி விளம்பரதாரர்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். திடீரென்று ஒரு சிநேகிதப் போட்டி, கேமராக்களோடு.

"அங்கிள், ப்ளீஸ், கிளியர் பண்ணச் சொல்லுங்க."

இருவரும் அக்காவிடம் போனோம். அவர் கையில் மரத் துழாவியோடு நின்றார்.

"இன்னும் ரெண்டு மூணு வெயிலு வேணுங்க தம்பி. இப்ப வாரி மூட்டை கட்டுனா உள்ளுக்குள்ளயே பூத்துரும்."

"ஆடியன்ஸ் எங்கம்மா உக்காருவாங்க?"

"ஆரு வர்றாங்க?"

மேனேஜர் கேட் பக்கம் பார்த்தார். இதுவரை நடந்த ஆட்டங்களுக்கு டிக்கெட் கிழித்தவர் அவர்தான். உண்மை அவருக்குத் தெரியும்.

"வந்து உக்கார எடமில்லைன்னு நின்னாங்கன்னா சொல்லு கண்ணு, நானே எடுத்துர்றேன்" என்று அக்கா மறுபடி துழாவ ஆரம்பித்தார். கண்ணு என்று கூப்பிடப்பட்ட பிறகு ஒரு மேனேஜரால் என்ன செய்ய முடியும்? ஆட்களை வைத்து வாரிக் கொட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எல்லா வீட்டுப் பெண்களும் வந்து அவரவர் காப்பிக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். சோற்றுப் போசியும் கொண்டுவந்திருந்தார்கள். அரங்கம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு கூட்டம் அன்றுதான். முதலாளி காரை விட்டு இறங்கி, நிமிர்ந்து பார்த்து, மேனேஜரின் தோளில் தட்டினார். தட்டியது பாராட்டு என்று புரிய மேனேஜருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருபக்கம் ஓடினார்கள், பிறகு மறுபக்கம் ஓடினார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கிளப் ஆட்டக்காரர் ஒருவர் உதைத்த பந்து எகிறி வந்து அக்காவின் காப்பியில் விழுந்து, பழத்தை நாலு படிக்கும் சிதறடித்தது. பந்தை எடுக்க அவரே ஓடிவர, அக்கா அதைக் கொடுக்கவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு துழாவியை நீட்டினார்.

இந்த ஊரில் அதற்கொரு சட்டம் உண்டு. காப்பியில் பந்து விழுந்தால், உதைத்தவன் வந்து சிதறியதை வாரி, அந்த விரிப்பு முழுக்க ஒருமுறை துழாவிவிட்டுத்தான் பந்தை வாங்கிப்போக வேண்டும். மைதானம் மைதானமாக இருந்த காலத்தில் எல்லா இளவட்டங்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வேறு மாநிலத்துக்காரரான அந்த ஆட்டக்காரருக்குத் தமிழ் அரைகுறை. வாட்ச்மேன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு விளக்கினார். "ரூலுங்க. நம்மூரு ரூலு."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரணி இடுப்பில் கைவைத்து நின்றது. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே குனிந்து வாரினான், பிறகு துழாவினான்.

"அடியில இருந்து இழு சாமி! ஊட்டுல அம்மா ஒண்ணுஞ் சொல்லித் தல்லையா?" என்று அக்கா அதட்ட, காலரி முழுக்கச் சிரித்தது. அவன் முடித்ததும் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைய ஆட்டத்தில் விழுந்த ஒரே கைதட்டல் அதுதான்.

முதலாளி விவரமானவர். கேமராக்காரரை அந்தப் பக்கம் ஓடவிட்டார். அந்த வாரமே, துழாவியும் கையுமாக நிற்கும் ஆட்டக்காரர் படத்தோடு, 'மலை மக்களின் உழைப்பில் பங்குகொள்ளும் அணி' என்று விளம்பரம் வந்தது. அடுத்து அவர் அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்தார். காலரி நிரம்பி வழிகிறது, தாய்மார்கள் வெயிலில் வாடுகிறார்கள், படம் இதோ, ஆகவே காலரி முழுமைக்கும் கூரை வேண்டும், பொதுமக்கள் நலன் கருதி, பொதுப்பணத்தில். இப்படிப்பட்ட கோரிக்கைக்கு மட்டும் பதில் மெயில் உடனே வருகிறது. மாசிக்குள் இரும்புத் தூண்கள் வந்து இறங்கிவிட்டன. வரும் மார்கழியில் அந்தப் படிகளில் சொட்டு வெயில் விழாது.

அக்காவின் காப்பி அதற்கு முன்பே நன்றாகக் காய்ந்து, கலகலவென்று சத்தம் போட்டு, மூட்டையேறி ஒண்டிக்கடைக்குப் போய்விட்டது. வியாபாரி குறை சொல்ல வழியில்லாமல் எடைபோட்டாராம். விற்றுவிட்டு வந்த அன்று அக்கா வேலியோரம் நின்று அதைச் சொன்னார். தூண் நடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் என்ன செய்வது என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசினோம், ஒன்றும் தோன்றவில்லை. இந்த வருஷமாவது காப்பாற்றினோமே என்ற திருப்தி எனக்கு. மெயில்கள், மேனேஜரோடு வாதம், வாட்ச்மேனிடம் பேசிய பேச்சு எல்லாம் மனதில் ஓட, முடிந்தவரை அடக்கமான குரலில், "நான் மட்டும் அன்னிக்குப் போய்ப் பேசாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம இருந்திருந்தீங்கன்னா மொதப் பறிப்பும் தப்பிச்சிருக்குமுங்க சார்" என்றார் அக்கா. "நீங்க மேனேஜரப் பாக்கப் போன அன்னிக்கே என்ற தம்பி கேட்டுச் சாவிய நீட்டுனான். சாரு பேசிட்டிருக்காரு, நடுவுல பூந்தா மரியாதையா இருக்காது, அவரு முடிக்கட்டும் பொறு சாமின்னு நாந்தான் சொல்லி வெச்சேன்."